புரட்சிகளின் காலமும் பினாங்கும்: வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் சனிக்கிழமைதோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம், 1770-களிலிருந்து 1830-கள் வரை உலகைப் புரட்டிப்போட்ட புரட்சிகளையும் அவற்றில் நம் வட்டாரம் வகித்த பங்கையும் படித்து வருகிறது. நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் வயதில் மூத்தவர்கள்கூட என்னை டீச்சர் என்றே அழைக்கிறார்கள். கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, பிள்ளையைக் கூட்டிவரும் அம்மா என யார் புதிதாக வந்தாலும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

புரட்சிகளின் காலம் என்றால் பிரெஞ்சுப் புரட்சிதானே டீச்சர்? அதற்கு எதற்கு அறுபது எழுபது ஆண்டுக் கணக்கு?

பிரெஞ்சுப் புரட்சி அந்தப் பந்தலின் நடுக்கால். ஒரே காலில் பந்தல் நிற்காது. 1776-இல் வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டிஷ் மன்னரை உதறின. 1789-இல் பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறையைத் தகர்த்தனர். 1791-இல் கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான செயின்ட் டொமிங்கில் அடிமைகள் எழுந்தனர். பதின்மூன்று ஆண்டுப் போருக்குப் பிறகு, 1804 சனவரி 1 அன்று ஹைட்டி என்ற நாடு பிறந்தது. 1810-இல் மெக்சிகோவில் ஸ்பெயினுக்கு எதிரான எழுச்சி தொடங்கியது. ஓரிடத்துத் தீப்பொறி அடுத்த இடத்துக்குப் பறந்ததால்தான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு காலமாகப் படிக்கிறோம்.

எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிப்பது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 1789 முதல் 1848 வரை என்பது பலரும் கையாளும் கணக்கு. எங்கள் வட்டம் 1773-இல் தொடங்கி 1838-இல் நிறுத்துகிறது. ஒன்று போஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கொட்டப்பட்ட ஆண்டு. மற்றொன்று நம் அண்டை மாநிலமான கெடாவைச் சியாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) மீட்க மலாய்க்காரர்கள் படை திரட்டிய ஆண்டு. இந்த இரண்டும் ஒரே கதைக்குள் வருவது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

போஸ்டனில் தேயிலை கொட்டினார்கள், பாரிஸில் சிறையை உடைத்தார்கள். பினாங்குக்கு இதில் என்ன சம்பந்தம்?

தேயிலையிலேயே தொடங்குவோம். 1773 டிசம்பர் 16 இரவு போஸ்டன் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அது சீனாவில் விளைந்த தேயிலை. பத்து ஆண்டுகளுக்குள் அமெரிக்கா பிரிட்டனின் கையைவிட்டுப் போனது. மேற்கே இழந்ததைக் கிழக்கே ஈடுகட்டும் எண்ணம் லண்டனில் வலுத்தது. 1784-இல் பிரதமர் வில்லியம் பிட் தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்கு இறக்கினார். கள்ளக்கடத்தல்காரர்களின் பிழைப்பு படுத்தது, கம்பெனியின் சீன வணிகம் பெருகியது.

கல்கத்தாவிலிருந்து சீனாவின் கான்டனுக்குப் போகும் கப்பல்கள் நடுவழியில் ஒதுங்கவும் தண்ணீர் பிடிக்கவும் பாய்மரம் பழுது பார்க்கவும் ஓரிடம் தேவைப்பட்டது. தேயிலைக்கு ஈடாகச் சீனர்களிடம் கொடுக்க மிளகும் வெள்ளீயமும் வாங்கும் சந்தையும் தேவைப்பட்டது. பிரெஞ்சுக் கப்பற்படையோடு மோதல் வந்தால் வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகமும் வேண்டும். வரி குறைந்த இரண்டே ஆண்டில், 1786 ஆகஸ்ட் 11 அன்று, கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றினார். இன்று நாம் ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கிளிங் என்று அழைக்கும் சாலைக்குப் பழைய பெயர் பிட் ஸ்திரீட். அந்தப் பிட் இவர்தான். பெயர்ப் பலகையை ஆயிரம் முறை கடந்து போயிருப்போம். அமெரிக்கப் புரட்சியின் நிழலில்தான் நடக்கிறோம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

லைட் பினாங்கைக் கண்டுபிடித்தார் என்றுதானே படித்தோம்?

தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமானது. சியாமிடமிருந்து கம்பெனி தம்மைக் காக்கும் என்ற எதிர்பார்ப்பில் சுல்தான் அப்துல்லா இடம் கொடுத்தார். கம்பெனி அந்தப் பாதுகாப்பைத் தரவே இல்லை. சுல்தான் தீவை மீட்க எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற இடத்தில் படை திரட்டினார். 1791-இல் லைட் முந்திக்கொண்டு தாக்கி அதைக் கலைத்தார். பிறகு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற ஒப்பந்தம் வந்தது. 1800-இல் எதிர்க்கரை நிலமும், இன்றைய செபராங் பிறை, கம்பெனிக்குப் போய்த் தொகை 10,000 டாலர் ஆனது.

தமிழரும் லைட்டுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் இருந்தார்கள். தீவில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் சுமார் ஆயிரம் பேர் குடியிருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் கெடாவில் வாழ்ந்தவர்கள் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலில் வந்து போகிறார்கள் என்றும் லைட்டே எழுதியிருக்கிறார். கெடாவில் பிறந்த தமிழர்கள் அன்றே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் என்று ஏன் பெயர்? அவர் யார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரே மனிதரைப் பின்தொடர்ந்தால் இந்தக் காலம் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம்.

சார்லஸ் கார்ன்வாலிஸ் 1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி. உடல்நலமில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தமக்கு அடுத்த அதிகாரியை அனுப்பினார். அந்தத் தோல்வியோடு அமெரிக்கப் போர் ஏறக்குறைய முடிந்தது. ஐந்தே ஆண்டில், பினாங்கில் கொடி ஏறிய அதே 1786-இல், அவர் இந்தியாவின் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவில் இறங்கினார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானின் நாட்டில் பாதியைப் பறித்தார். திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார். 1798-இல் பிரெஞ்சுப் புரட்சியின் கொள்கையை ஏற்ற ஐரிஷ்காரர்கள் எழுந்தபோது அயர்லாந்தின் ஆளுநராக இருந்து அடக்கினார். 1802-இல் நெப்போலியனின் பிரான்சோடு ஆமியன் உடன்படிக்கையில் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டவரும் அவரே. 1805-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து காஜிப்பூரில் இறந்தார்.

பாடாங் திடலின் ஓரத்தில் நிற்கும் நம் கோட்டை தொடக்கத்தில் நிபோங் மரக் கழிகளை நட்டுக் கட்டிய அடைப்புதான். செங்கல் சுவர் பிறகு வந்தது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போது பீரங்கியை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். நுழைவாயிலில் உள்ள பெயரைக் காட்டி, அமெரிக்காவில் தோற்றவர், மைசூரில் வென்றவர், அயர்லாந்தில் அடக்கியவர் என்று சொல்லுங்கள். எங்கள் வட்டத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அந்த ஊர்களை உலக வரைபடத்தில் நூலால் இணைத்துக் காட்டினாள். நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட அந்த நூல் தெளிவாக இருந்தது.

மலாக்கா டச்சுக்காரர் கையிலிருந்து போனதற்கும் பிரெஞ்சுப் புரட்சிதான் காரணம் என்கிறீர்களே, எப்படி?

1795-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த புரட்சி ஆதரவாளர்கள் குடியரசை அறிவித்தனர். ஆட்சியிலிருந்த இளவரசர் ஐந்தாம் வில்லியம் லண்டனுக்குத் தப்பி ஓடினார். அங்கே கியூ அரண்மனையிலிருந்து, டச்சுக் குடியேற்றங்களைப் பிரிட்டிஷார் பாதுகாப்பில் ஒப்படைக்கும்படி கடிதங்கள் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் மலாக்கா பிரிட்டிஷார் வசமானது. அடுத்து 1818 வரை அவர்கள் கையில் இருந்தது.

பினாங்குக்கு இதில் வெட்கப்பட வேண்டிய ஒரு பங்கு உண்டு. போர் முடிந்ததும் மலாக்காவைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அது போட்டித் துறைமுகமாகிவிடும் என்று இங்கிருந்த அரசாங்கம் அஞ்சியது. ஆகவே கோட்டையை இடித்து, மக்களைப் பினாங்குக்கே பெயர்த்துவிடத் திட்டமிட்டது. 1807-இல் போர்ச்சுகீசியர் கட்டிய பெருங்கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மக்கள் இடம்பெயர மறுத்தார்கள், பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸும் எதிர்த்து அறிக்கை எழுதினார். அதனால் ஊர் பிழைத்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த ஒற்றை வாயில் மிச்சம் நிற்பது.

மருது பாண்டியர் மகனைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள் என்கிறார்களே, உண்மையா? மேடைக் கதையா?

உண்மை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்த் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது.

1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதோடு தென்னாட்டில் போர் ஓயவில்லை. சிவகங்கையில் மருது சகோதரர்கள் திண்டுக்கல், இராமநாதபுரம் பக்கத்துப் போராளிகளோடும் கன்னட நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடும் கைகோத்தனர். 1801 சூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நாவலந்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் விளித்து, ஐரோப்பியரை விரட்ட ஒன்றுபடும்படி அழைத்த அறிக்கை அது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1802 பிப்ரவரியில் 73 பேர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு வேல்ஸ் இளவரசர் தீவு என்று அன்று பெயர் பெற்றிருந்த பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். சிவகங்கையை ஆண்ட வேங்கை பெரிய உடையத் தேவரும் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவர்களில் இருவர். துரைச்சாமி அப்போது சிறுவன்.

அதன் பிறகு நடந்ததைக் கம்பெனி அதிகாரி ஒருவரே பதிவு செய்திருக்கிறார். ஜேம்ஸ் வெல்ஷ் இளைஞராக மதுரையில் பணியாற்றியபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பிறகு அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான போரிலும் இருந்தார். 1818-இல் அவர் பினாங்கில் படைத்தலைமை ஏற்றிருந்தபோது, தளர்ந்துபோன கிழவரைப் போன்ற ஒருவர் அவர் முன் வந்து நின்றார். யார் என்று கேட்டதற்கு வந்த பதில், துரைச்சாமி. வயதுக் கணக்குப்படி அவர் இளைஞர். தண்டனைதான் அவரைக் கிழவராக்கியிருந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் நெஞ்சில் கத்தி பாய்ந்ததுபோல் இருந்தது என்று வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். ஒவ்வொரு முறையும் இந்தப் பகுதியை வட்டத்தில் வாசிக்கும்போது சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை.

அப்படியென்றால் நாமெல்லாம் அந்தக் கைதிகளின் வம்சமாக இருக்கலாம் அல்லவா?

ஓர் அண்ணன் கண் கலங்க இதைக் கேட்டார். ஆனாலும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். வந்தவர்கள் 73 பேர். மலேசியத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரின் முன்னோர், பல பத்தாண்டுகள் கழித்துக் கரும்பு, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் வந்தவர்கள். ஆவணம் இல்லாமல் வம்சாவளி பேசக்கூடாது. பாட்டனாரின் ஊர்ப் பெயர், குலதெய்வம், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கடிதம் ஆகியவற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

அந்த 73 பேருக்கு வெளியேயும் கைதிகள் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1790-களிலிருந்தே இந்தியாவிலிருந்து கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டனர். 1796-இல் அந்தமான் குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்தவர்களையும் இங்கே மாற்றினார்கள். சாலை போட்டார்கள், காடு வெட்டினார்கள், 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்களின் உழைப்பு உண்டு. துரைச்சாமி நம் தெருக்களில் நடந்ததை நினைவில் வைக்க அவர் நமக்குப் பாட்டனாராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

திப்பு சுல்தான் பிரெஞ்சுப் புரட்சியில் சேர்ந்து "குடிமகன் திப்பு" என்று பெயர் வைத்துக்கொண்டாராமே?

1797-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஜாக்கோபின் என்ற புரட்சிச் சங்கம் அமைத்து, சுதந்திர மரம் நட்டு, திப்புவைக் குடிமகன் என்று வாழ்த்தியதாகச் சொல்லும் ஆவணங்கள் உண்டு. அவை 1799 மே மாதம் திப்பு வீழ்ந்த பிறகு பிரிட்டிஷார் வெளியிட்டவை. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் இருக்கிறது. திப்பு பிரான்சின் உதவியை நாடினார் என்பது உறுதி. ஆனால் அவர் முடியாட்சியைக் கைவிடவில்லை. எதிரிக்கு எதிரி என்ற அரசியல் கணக்கையும் கொள்கைப் பிடிப்பையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

வேலூரில் நடந்ததைச் சிலர் கலகம் என்கிறார்கள், சிலர் புரட்சி என்கிறார்கள். எதை எழுதுவது?

தமிழில் கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி என்று நான்கு சொற்கள் கைவசம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. கலகம் என்பது பெரும்பாலும் அடக்கியவரின் வாயிலிருந்து வரும் சொல். ஒழுங்கைக் குலைத்தவர்கள் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. புரட்சி என்றால் யார் ஆள வேண்டும், எந்த நியாயத்தில் ஆள வேண்டும் என்பதே மாறியிருக்க வேண்டும், அல்லது மாற்றும் நோக்கமாவது இருக்க வேண்டும். வேலூர்க் கோட்டையில் 1806 சூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் புதிய தலைப்பாகை, தாடியும் சமயச் சின்னங்களும் கூடாது என்ற உத்தரவு. அங்கே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளில் ஒருவரை அரசராக அறிவித்தார்கள். பழைய அரசை மீட்கும் எண்ணம் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே நான் எழுச்சி என்று எழுதுகிறேன்.

மருதுவின் அறிக்கையையும் இதே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். எல்லாச் சாதியாரையும் ஒருசேர அழைத்தது அந்தக் காலத்துக்கு மிகப் புதிது. அவரவர் நாட்டை அவரவருக்கே திரும்பக் கொடுப்பது என்ற குறிக்கோள் பழைய முறை. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. மாணவர்கள் இதைச் சிக்கல் என்கிறார்கள்; எனக்கோ அங்கேதான் படிப்பே தொடங்குகிறது.

வேலூரை ஒட்டி இன்னொருவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்து எழுச்சியை நசுக்கியவர் ரோலோ கில்லஸ்பி. அவர் 1790-களில் செயின்ட் டொமிங்கில், அதாவது ஹைட்டிப் புரட்சி நடந்த மண்ணில், பிரிட்டிஷ் படையில் இருந்தவர். 1811-இல் ஜாவாப் படையெடுப்பில் முன்னணித் தளபதி. 1812-இல் ஜோக்ஜாகர்த்தா அரண்மனையைச் சூறையாடிய படைக்கும் அவரே தலைவர். கார்ன்வாலிஸைப் போல இவரும் ஊர்களை இணைக்கும் ஒரு நூல்.

ஜாவாப் படையெடுப்பு என்றீர்கள். அதில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்களா?

ஏறக்குறைய பாதிப்பேர். நெப்போலியன் ஹாலந்தைத் தன் பேரரசோடு இணைத்ததால் ஜாவா பிரெஞ்சு நிலமாகக் கருதப்பட்டது. அதைப் பிடிக்கச் சுமார் 12,000 வீரர்கள் 1811-இல் மலாக்காவில் திரண்டனர். இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வங்காளப் படையினர். சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவும் பாதை வெட்டும் பயனியர் பிரிவும் உடன் சென்றன.

இதைவிட முக்கியமானது 1815-இல் நடந்தது. ஜாவாவில் நிறுத்தப்பட்டிருந்த வங்காளச் சிப்பாய்கள் சிலர் சுரகர்த்தா அரசரோடு கூடிப் பிரிட்டிஷ் அதிகாரிகளை வீழ்த்தச் சதி செய்து பிடிபட்டனர். வேலூருக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த மண்ணில், இந்தியச் சிப்பாயும் ஜாவா அரசரும் ஒரே திட்டத்தில் இணைந்தார்கள்.

மலாய் உலகத்தில் சொந்தமாகப் புரட்சி எதுவும் நடக்கவில்லையா? எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானா?

நடந்தது. ஆனால் பாரிஸின் சாயலை அதில் தேடினால் கண்ணில் படாது. 1803 வாக்கில் மெக்காவிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிகள் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டில் தொடங்கிய சீர்திருத்தம், சூதாட்டத்தையும் சேவல் சண்டையையும் பழைய தலைமையையும் எதிர்த்துப் பத்ரிப் போராக வளர்ந்தது. டச்சுக்காரர்கள் 1837-இல் போன்ஜோலைப் பிடிக்கும்வரை நீடித்தது. ஜாவாவில் இளவரசர் திபநகரா 1825 முதல் 1830 வரை நடத்திய போரில் சுமார் 2 இலட்சம் ஜாவானியர் மாண்டனர்.

நமக்கு மிக அருகில் கெடா. 1821-இல் சியாம் படையெடுத்தது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பி வந்தார். அவர் தந்தை எந்த ஆபத்துக்கு அஞ்சித் தீவைக் கொடுத்தாரோ (மேலே மூன்றாம் பதிலைப் பாருங்கள்), அந்த ஆபத்து வந்தபோது கம்பெனி கைகட்டி நின்றது. 1831-இலும் 1838-இலும் கெடா மக்கள் நாட்டை மீட்கப் போராடினர். 1838-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சியாமுக்குத் துணையாகக் கெடாக் கடற்கரையை முற்றுகையிட்டன. எங்கள் வாசிப்பை அந்த ஆண்டோடு நிறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்கா, மெக்சிகோ என்கிறீர்களே, அங்கிருந்து நம் கைக்கு ஏதாவது வந்திருக்கிறதா?

உங்கள் பணப்பையில் இருக்கிறது: ரிங்கிட். மலாய் மொழியில் இச்சொல்லுக்குப் பல்பல்லான விளிம்புடையது என்று பொருள். வட்டத்து நண்பர் ஒருவர் தம் தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு பழைய வெள்ளி டாலரைக் கொண்டுவந்தார். கையில் வாங்கினால் கனக்கிறது. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினால் வரிவரியாக உரசுகிறது. யாரும் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடாமலிருக்கப் போட்ட வரிகள் அவை. அன்று பினாங்கில் அரிசி, மிளகு, அபின், கூலி எல்லாம் இந்த ஸ்பானிய டாலரில்தான் கைமாறின. கெடா சுல்தானுக்குக் கொடுத்ததும் இதே நாணயம். அதில் பெரும்பகுதி மெக்சிகோவின் வெள்ளி. 1810 முதல் 1821 வரை அங்கே நடந்த விடுதலைப் போரில் சுரங்கங்கள் சீர்குலைந்தபோது ஆசியச் சந்தைகளுக்கு வரும் வெள்ளி குறைந்தது. மெக்சிகோவின் எழுச்சி தொடங்கியது செப்டம்பர் 16. நாம் மலேசியா தினம் கொண்டாடுவதும் அதே நாளில். இது தற்செயல்தான், ஆனால் பிள்ளைகளுக்கு நாள் மனத்தில் பதிய உதவுகிறது.

அடிமை ஒழிப்பும் இந்தக் காலத்தில்தானே? அது நல்ல செய்தி அல்லவா?

நல்ல செய்திதான், மறுபக்கமும் உண்டு. உலகிலேயே அதிகச் சர்க்கரை விளைந்த செயின்ட் டொமிங்கில் அடிமைகள் விடுதலை பெற்றதும் சர்க்கரை வேறு மண் தேடியது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது; ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அதில் விலக்கு அளித்திருந்தார்கள். அடிமைகளுக்குப் பதில் ஒப்பந்தக் கூலிகள் என்ற ஏற்பாட்டில் இந்தியர்கள் 1834-இல் மொரீஷியஸுக்குப் போகத் தொடங்கினர். 1840-களில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் தமிழர்கள் வியர்வை சிந்தினர். ஹைட்டியில் அறுந்த சங்கிலியையும் பிறையில் கரும்பு வெட்டிய கையையும் பிரித்துப் படிக்கக் கூடாது.

ஒரே வரியில் சொல்லுங்கள் டீச்சர், பினாங்கு புரட்சியின் பக்கமா, எதிர்ப்பக்கமா?

எதிர்ப்பக்கம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. 1797-இல் பிரான்சோடு சேர்ந்த ஸ்பெயினிடமிருந்து மணிலாவைப் பறிக்கப் படை திரண்ட இடம் பினாங்கு. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லஸ்லி அந்தப் படையோடு இங்கே வந்திருந்தார். படையெடுப்பு பாதியில் கைவிடப்பட்டது. 1802-இல் தென்னாட்டுப் போராளிகளுக்குச் சிறை. 1805-இல் வங்காளம், சென்னை, பம்பாய்க்கு அடுத்த நான்காவது மாகாணம் என்ற தகுதி. 1811-இல் ஜாவாப் படையெடுப்புக்கு வழித்துணை. புரட்சியைத் தடுக்கவும் அடைக்கவும் அதனால் விழுந்த அரசுகளின் உடைமைகளைப் பொறுக்கவும் பயன்பட்ட ஊர் இது.

ஆனால் ஊர் என்பது கோட்டையும் ஆளுநரும் மட்டும் இல்லை. துரைச்சாமி இங்கே இருந்தார். நாடிழந்த கெடா சுல்தானும் அவருக்காகப் போராடியவர்களும் இருந்தார்கள். 1801-இல் கபித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய தமிழ் முஸ்லிம்களும், 1833-இல் குயின் ஸ்திரீட்டில் மகா மாரியம்மனுக்குக் கோயில் கட்டியவர்களும் இருந்தார்கள். வட்டாரத்தின் பங்கு என்று கேட்கும்போது பலர் ஆளுநர்களின் பட்டியலைத் தருகிறார்கள். அவர்களால் அடைக்கப்பட்டவர்களையும் ஏமாற்றப்பட்டவர்களையும் கணக்கில் சேர்க்காத எந்த விடையையும் நான் முழு விடையாக ஏற்பதில்லை.

தமிழரோ மலாய்க்காரரோ அந்தக் காலத்தில் தாமே எழுதியது ஏதாவது கிடைக்குமா? எல்லாம் கம்பெனிக் காகிதம்தானா?

மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவைப் படியுங்கள். 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அவர் குடும்பம் யேமனிலிருந்து நாகூர் வழியாக வந்தது. மலாக்காவின் நல்ல குடும்பங்களில் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைப்பது பழைய வழக்கம் என்றும், கணக்கு எழுத அது பயன்பட்டது என்றும், தம்மையும் தந்தை அனுப்பியதாகவும் ஹிக்காயத் அப்துல்லா என்ற தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மலாக்காக் கோட்டை தகர்ந்ததையும் ஜாவாப் படை திரண்டதையும் உள்ளூர்க்காரரின் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. மலாயிலேயே படிக்கலாம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சரித்திரத்தில் தேர்ச்சி கட்டாயம் என்று மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்த நூலின் ஓர் அத்தியாயம் தரும் தெளிவு குறிப்பேட்டில் கிடைக்காது.

கம்பெனிக் காகிதங்களையும் ஒதுக்காதீர்கள். 1806-இல் தொடங்கிய பினாங்கின் முதல் செய்தித்தாளில் கப்பல் வரவும் ஏல அறிவிப்பும் இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பாளையக்காரர் போர் பற்றிய கடிதங்கள் இருக்கின்றன. எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதை மறைக்க அவருக்குக் காரணம் இருந்தது என்ற மூன்றையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு படித்தால் போதும்.

ஒரே ஒரு காலைப் பொழுதுதான் இருக்கிறது. எங்கே நடந்தால் இதெல்லாம் கண்ணில் படும்?

கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்குங்கள். அங்கிருந்து புனித ஜார்ஜ் தேவாலயம். கைதிகளின் உழைப்பைப் பற்றி மேலே சொன்னதை அதன் தூண்களருகே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழைய பிட் ஸ்திரீட் வழியே இறங்கினால் கபித்தான் கிளிங் பள்ளிவாசல், பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயில், அப்படியே சூலியா ஸ்திரீட். நேரம் மிச்சமிருந்தால் ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் கெம்போஜா மரங்களுக்கு அடியில் உள்ள பழைய கல்லறைத் தோட்டம். லைட் 1794-இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். துரைச்சாமிக்கு அப்படி ஒரு கல் இங்கே இல்லை. அதனால் நாங்கள் வெல்ஷ் எழுதிய அந்தப் பகுதியைத் தமிழில் பெயர்த்து எடுத்துப்போய், கோட்டைச் சுவருக்கு வெளியே கடலைப் பார்த்து நின்று உரக்க வாசிக்கிறோம். எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். பாடாங் பக்கம் நிழல் குறைவு.